பூட்டிய அறையும் ஐந்து கம்ப்யூட்டர்களும்



போன வாரம் நான் போட்ட படத்துக்குக் கீழே எத்தனை கேள்விகள்! "சார், அது டைப்ரைட்டரா?" என்று கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். என் மைத்துனர் "கடை கல்லாப்பெட்டி மெஷினா அத்தான்?" என்றார். 1988இல் பிளஸ் டூ முடித்த ஒருவர் மட்டும், "சார், இது நம்ம கம்ப்யூட்டர் ரூம் பெட்டிதானே? கடைசிவரைக்கும் எங்களைத் தொடவே விடலையே" என்று எழுதியிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. எல்லோருக்குமாகவே போட்டுவிடுகிறேன். நீளமான பதிவு, ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

ஆமாம், அதே பெட்டிதான். பெயர் பிபிசி மைக்ரோ, மாடல் பி. லண்டன் ரேடியோ பிபிசிதான் இந்த பிபிசியும். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பொதுமக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தர அவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். தொலைக்காட்சியில் பாடம் நடத்தினால் போதாது, வீட்டில் வைத்துப் பழக ஒரு இயந்திரமும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கேம்பிரிட்ஜில் அகார்ன் என்ற சின்ன நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. பிபிசிக்காரர்கள் பார்க்க வரும்முன் ஒரே வாரத்துக்குள் மாதிரி இயந்திரம் தயாராக வேண்டும். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இளம் பொறியாளர்களும் அவர்களின் கூட்டாளிகளும் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். இயந்திரம் ஓட மறுத்தது. பரிசோதனைக்காக வேறொரு கருவியோடு இணைத்திருந்த கம்பியை அறுத்துவிட்டுத் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள் என்று நிறுவனர் ஹெர்மன் ஹவுசர் சொன்னாராம். அறுத்தார்கள், ஓடிவிட்டது. விருந்தினர் வரச் சில மணி நேரமே பாக்கி இருந்ததாம்.

1981 டிசம்பரில் இயந்திரம் வெளிவந்தது. 12,000 விற்றால் போதும் என்பது பிபிசியின் கணக்கு. விற்றது பத்து லட்சத்துக்கும் மேல். உள்ளே 6502 என்ற எட்டு பிட் பிராசசர், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 32 கிலோபைட். இந்தப் பதிவோடு போட்டிருக்கும் ஒரே ஒரு படத்தை அதில் வைக்க முடியாது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனோடு ஒப்பிட்டுச் சிரிக்காதீர்கள். அந்தப் போனுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு உறவுமுறை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இது எப்படி நம் ஊர்ப் பக்கம் வந்தது? 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. கிளாஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், கம்ப்யூட்டர் லிட்டரசி அண்ட் ஸ்டடீஸ் இன் ஸ்கூல்ஸ். கல்வி அமைச்சகமும் மின்னணுத் துறையும் சேர்ந்து நடத்தின. முதலில் நாடு முழுக்க 250 பள்ளிகள் அளவில் ஆரம்பித்து, பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. தேர்ந்தெடுத்த இயந்திரம் பிபிசி மைக்ரோ. அதை இந்தியாவிலேயே செய்யவும் முயன்றார்கள். பஞ்சாபில் மொஹாலியில் மத்திய அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இருந்தது. அங்கே இதே இயந்திரம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் வந்தது. நம் நாட்டில் சிப் செய்ய ஆரம்பித்திருந்த அந்தத் தொழிற்சாலை 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்துபோனது. இன்று செமிகண்டக்டர் தொழிற்சாலை வரப்போகிறது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மொஹாலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. நாம் இதைப் புதிதாகத் தொடங்கவில்லை, விட்ட இடத்திலிருந்து எடுக்கிறோம்.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்தது. கம்ப்யூட்டர் பிரதமர் என்றே அவரை அப்போது கேலியாகவும் பெருமையாகவும் சொல்வார்கள். 1991 மே 21 அன்று அவர் உயிர்விட்டது நம் ஸ்ரீபெரும்புதூரில். அதைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை.

எங்கள் பள்ளிக்கு ஐந்து பெட்டிகள் வந்தது 1987இல். நான் கணக்கு ஆசிரியன். மூன்று வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அறை தயாராக இருந்தது. ஜன்னலுக்குத் திரை, தரைக்கு விரிப்பு, பள்ளியிலேயே முதல் ஏசி. தலைமையாசிரியர் அறையில்கூட மின்விசிறிதான். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்து, திரைக்கு முன்னால் கைகூப்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது பக்தியா, பயமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு ஒரு பீரியட். ஐந்து பெட்டிக்கு நாற்பத்தெட்டுப் பேர். கூட வந்த கேசட்டுகளில் இருந்த பாடங்கள் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதியவை. ஒரு நகரத்தின் பஸ் கால அட்டவணையைத் திரையில் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பஸ்ஸோ, டிரங்க் ரோட்டில் கைகாட்டினால் நிற்கும், சில சமயம் நிற்காது. அந்தப் பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு, பேசிக் மொழியில் வாய்ப்பாடு எழுதச் சொல்லிக் கொடுத்தேன். நான்கு வரியில் பதினேழாம் வாய்ப்பாடு திரையில் ஓடியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டிகள் நின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அவர்கள் மூடியின் விளிம்பில் அரக்குக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அது கிழிந்தால் ஒப்பந்தம் செல்லாது. கடிதம் போடுவோம். ஆறு மாதம் கழித்து ஒருவர் வருவார், குறித்துக்கொண்டு போவார். ஒப்பந்தக் காலம் முடிந்தது. 1993க்குப் பிறகு கிளாஸ் திட்டமே மாறி, ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பித்தன. பழைய அறை பூட்டப்பட்டது. இருப்புப் பதிவேட்டில் வருடாவருடம் தணிக்கைக்கு எண்ணிக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் திறப்போம். ஐந்து பெட்டி, ஐந்து மானிட்டர், சரி. பூட்டு.

அரசுப் பொருளைத் தூக்கி எறியவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அது "கண்டெம்" ஆக வேண்டும், அதற்கு ஒரு கமிட்டி வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகுதான் கமிட்டி கூடியது. 2016இல் உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த பீரோவோடு சேர்த்து எடைக்கு ஏலம் விட்டார்கள். அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஏலம் எடுத்த பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி ஐந்தையும் வாங்கினேன். ரசீது இருக்கிறது, யாரும் சந்தேகப்பட வேண்டாம்! உங்கள் அம்மா (என் துணைவியார்) அன்று என்னோடு பேசவில்லை.

பதிவேட்டில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். குறிப்புப் பத்தியில் இப்படி இருக்கிறது: "எண் 2, இயங்கவில்லை, 1989. எண் 3, கீபோர்டு வேலை செய்யவில்லை, 1990. எண் 4, திரையில் தவறான எழுத்து, 1991. எண் 1, புகை வந்தது, 1992." எண் 5 மட்டும் கடைசிவரை நன்றாக இருந்தது, அதைத்தான் வெள்ளம் கொண்டுபோனது. கீழ்த்தட்டில் வைத்திருந்தார்கள்.

கொரோனா காலத்துக்குப் பிறகு, 2022இல்தான் இவற்றைத் திறந்தேன். சின்ன வயதில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டவன் நான், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். இயந்திரத்தின் சர்வீஸ் மேனுவலும் சுற்றுப்படமும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. மூடியில் நான்கு பெரிய திருகுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஃபிக்ஸ்" என்று அச்சிட்டிருக்கிறது. திறக்க வேண்டியவனுக்கு வழி காட்டவே போட்டிருக்கிறார்கள். செய்தவர்கள் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அரக்குக் காகிதம் ஒட்டியது நம் ஊர் வழக்கம்.

முதலில் எண் 1, புகை வந்த பெட்டி. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய மின்சாதனம் எதையும் வருடக்கணக்கில் கழித்து பிளக்கில் மாட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு கெபாசிட்டர்கள் உண்டு. அந்தக் காலத்தில் அவற்றை உலோகப் பூச்சுப் பூசிய காகிதத்தில் செய்து, பிசினில் அடைத்தார்கள். காலப்போக்கில் பிசினில் கீறல் விழும். காற்றின் ஈரம் உள்ளே போகும். நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் கேட்கவா வேண்டும்? பிறகு ஒருநாள் மின்சாரம் கொடுத்தால், பட்டென்று வெடித்து வீடெல்லாம் நாற்றப் புகை. பார்த்தவர்கள் இயந்திரமே எரிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது வடிகட்டி மட்டுமே. அது போனாலும் மற்றதெல்லாம் பெரும்பாலும் பிழைத்திருக்கும். இரண்டையும் கழற்றி, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 ஒன்று, மின்கம்பி இணைப்புக்கென்றே செய்த எக்ஸ்2 வகைப் பிளாஸ்டிக் பிலிம் கெபாசிட்டர்களாக ரிச்சி தெருவில் வாங்கிப் போட்டேன். ஆட்டோ இண்டிகேட்டர் பல்பு ஒன்றைச் சுமையாக மாட்டி அளந்தால் 5 வோல்ட், சுத்தமாக. பெட்டியில் மாட்டினேன். "பூ... பீப்!"

அந்தச் சத்தம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சுவிட்ச் போட்டதும் ஒலிச் சிப் தன்பாட்டுக்கு ஒரு தாழ்ந்த குரல் எழுப்பும். பிராசசர் விழித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்ததும் அதை அடக்கிவிட்டு ஒரு உயர்ந்த பீப் கொடுக்கும். முதல் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிராசசர் எழவில்லை என்று பொருள். டாக்டர் நாடி பார்ப்பதுபோல, திரையே இல்லாமல் காதாலேயே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

(எச்சரிக்கை: பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். தெரியாதவர்கள் தொடாதீர்கள். இதை வகுப்பில் சொல்வதுபோல இரண்டு முறை சொல்கிறேன்: தொடாதீர்கள்.)

எண் 2க்கு வருகிறேன். "இயங்கவில்லை, 1989." சப்ளையை முன்பே சரிசெய்துவிட்டு சுவிட்ச் போட்டேன். பூ, பீப் இரண்டும் வந்தன. திரையில் பிபிசி கம்ப்யூட்டர் 32 கே என்று வந்தது. அதற்குக் கீழே "லாங்குவேஜ்?" என்று ஒரே ஒரு சொல், கேள்விக்குறியோடு. என்ன மொழி என்று கேட்கிறது! பேசிக் மொழி எழுதியிருக்கும் ரோம் சிப் அதன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இப்படிக் கேட்கும். சிப்பைப் பார்த்தேன். சாக்கெட்டிலிருந்து ஒரு பக்கம் லேசாக எழும்பி இருந்தது. சூடாகி விரிவதும் குளிர்ந்து சுருங்குவதுமாக இருந்தால் சாக்கெட்டில் செருகிய சிப்புகள் மயிரிழை மயிரிழையாக மேலே ஊர்ந்து வரும். ஏசி அறை, நாளுக்கு நாலு முறை கரண்ட் கட். அதற்கு வேறென்ன வேண்டும்? கட்டைவிரலால் அழுத்தினேன். "டக்" என்றது. மறுபடி சுவிட்ச் போட்டால் "பேசிக்" என்று வந்து, கட்டளைக்காகக் காத்து நின்றது.

அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். 1989 முதல் 2016 வரை, இருபத்தேழு வருடம். ஒரு கட்டைவிரல் அழுத்தம். அதற்கு முன்னால் எத்தனை பேட்ச் பிள்ளைகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்! "சார், எப்ப சார் எங்களை உள்ள விடுவீங்க?" என்று கேட்ட முகங்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. கிளாஸ் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக, இயந்திரம் பழசு, பாடம் அந்நியம், பயிற்சி குறைவு என்பார்கள். அவையும் உண்மைதான். நான் இன்னொன்றைச் சேர்ப்பேன்: எண்ணிக்கை கேட்டார்கள், ஓடிய மணிநேரம் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஒருவருக்கு மூடியைத் திறக்கச் சொல்லிக்கொடுத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரும் அனுமதிக் கடிதமும் தந்திருந்தால் அந்தத் திட்டத்தின் கதையே வேறு. இங்கிலாந்தில் ஆசிரியர்கள் திறந்தார்கள், சிப் மாற்றினார்கள், கூடுதல் ரோம் செருகினார்கள். ஒரே பெட்டிதான். அங்கே அது சைக்கிள்போல இருந்தது, இங்கே மூலவர்போல.

எண் 3, கீபோர்டு. எழுத்து ஒன்றும் ஏறவில்லை. கீபோர்டைக் கழற்றித் துடைத்தும் பயனில்லை. இந்த இயந்திரத்தில் 6522 என்ற சிப் இரண்டு உண்டு. ஒன்று கீபோர்டு, ஒலி முதலிய உள்வேலைகளைக் கவனிக்கும். இன்னொன்று பிரிண்டரையும் வெளியிலிருந்து மாட்டும் கருவிகளையும் கவனிக்கும். இரண்டும் ஒரே சிப், உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. நம் பள்ளியில் பிரிண்டர் வந்ததே இல்லை. ஆக, முப்பது வருடமாக வேலையில்லாமல் சம்பளம் வாங்கிய சிப்பைத் தூக்கி, கெட்டுப்போன சிப்பின் இடத்தில் வைத்தேன். கீபோர்டு வேலை செய்தது. செலவு பூஜ்யம்.

எண் 4தான் உண்மையான கணக்கு. கணக்கு வாத்தியார் என்பதால் இதைக் கொஞ்சம் ரசித்துச் சொல்ல அனுமதியுங்கள். சுவிட்ச் போட்டதும் திரை முழுக்க டாலர் குறி. நாற்பது எழுத்து வீதம் இருபத்தைந்து வரி, கிட்டத்தட்ட ஆயிரம் டாலர். நடுவில் "பிபிசி" இருக்க வேண்டிய இடத்தில் "எஃப் எஃப் ஜி". 32 கே என்பது 76 ஓ. "கம்ப்யூட்டர்" என்ற ஆங்கிலச் சொல் "கொம்டுடெவ்" என்று ஏதோ ரஷ்யக்காரர் பெயர்போல ஆகியிருந்தது. பேய் பிடித்ததுபோலத் தோன்றும். ஆனால் பேய்க்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண். பி என்பது 66, எஃப் என்பது 70. சி 67, ஜி 71. வெற்றிடம் 32, டாலர் குறி 36. 3 என்ற இலக்கத்தின் எண் 51, 7இன் எண் 55. எல்லா இடத்திலும் சரியாக 4 கூடியிருக்கிறது, பார்த்தீர்களா? ஆனால் எல்லா எழுத்தும் மாறவில்லை. கட்டளைக்காகக் காத்திருக்கும் அம்புக்குறி மட்டும் சரியாகவே இருந்தது. அதன் எண் 62. இதை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்தால் 32, 16, 8, 4, 2. அதற்குள் ஏற்கெனவே 4 இருக்கிறது. 66ஐப் பிரித்தால் 64, 2 மட்டும், அதற்குள் 4 இல்லை. ஆக, 4 இல்லாத இடத்திலெல்லாம் யாரோ 4 சேர்க்கிறார்கள், இருக்கும் இடத்தில் சும்மா இருக்கிறார்கள். எட்டு பிட்டில் 4க்கு உரிய மூன்றாவது பிட் எப்போதும் 1 என்றே நிற்கிறது.

இந்த இயந்திரத்தின் நினைவகம் பதினாறு சிப்புகளில் இருக்கிறது, எட்டெட்டாக இரண்டு வரிசை. ஒவ்வொரு சிப்பும் ஒரே ஒரு பிட்டை மட்டும் பார்த்துக்கொள்ளும். திரைக்கான இடம் மேல் 16 கிலோபைட்டில் இருக்கிறது. ஆகவே குற்றவாளி அந்த வரிசையில் மூன்றாவது பிட்டுக்கு உரிய சிப். பதினாறில் ஒன்று. மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே, காகிதத்தில் பென்சிலால் கண்டுபிடித்தாயிற்று. இரும எண் எதுக்கு சார் படிக்கணும் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டவர்கள் கையைத் தூக்கவும்!

சரிபார்க்க ஒரு நல்ல சிப்பை அதன் முதுகில் ஏற்றி, கால்களோடு கால் படும்படி அழுத்திப் பிடித்தேன். எல்லா நேரமும் இது பலிக்காது, சிப் செத்து வெறுமனே கிடந்தால் பலிக்கும். பலித்தது. ஆயிரம் டாலரும் மறைந்தது. விரலை எடுத்தால் திரும்ப வந்தது. கேம்பிரிட்ஜில் இதே இயந்திரத்தை உருவாக்கியபோது, பலகையில் ஓர் இடத்தில் விரலை வைத்தால்தான் ஓடியது என்று ஸ்டீவ் ஃபர்பர் சொல்லியிருக்கிறார். விரலுக்குப் பதில் அங்கே ரெசிஸ்டர் போட்டு அனுப்பிவிட்டார்களாம்.

நல்ல சிப் எங்கிருந்து கிடைத்தது? வெள்ளத்தில் போன எண் 5இலிருந்து. பலகை துரு ஏறிப் பச்சைப் பூத்திருந்தது, ஆனால் சிப்புகளுக்குள் தண்ணீர் போகவில்லை. இப்போது சிக்கல் வேறு. எண் 4இல் சிப்பை நேராகப் பலகையில் பற்றவைத்திருக்கிறார்கள், சாக்கெட் கிடையாது. பதினாறு கால். பிடுங்கும்போது துளையைச் சுற்றியுள்ள செம்புத் தடம் உரிந்துவிட்டால் பலகையே வீண். எழுபது வயதில் என் கை முன்போல நிற்பதில்லை.

இந்த இடத்தில் என் மாணவி ஒருத்தியைச் சொல்ல வேண்டும். பெயர் போடவில்லை, அவளுக்குத் தெரியும். 1991 பேட்ச். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்களில் அவளும் ஒருத்தி. பிளஸ் டூவோடு படிப்பு நின்று, கல்யாணமாகி, நம் தண்டலத்துக்கே வந்தாள். அவள் மகள் ஐடிஐ முடித்துவிட்டு சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு போன் தொழிற்சாலையில் ரீவொர்க் பிரிவில் இருக்கிறாள். லைனில் தேறாத பலகைகளை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அரிசியைவிடச் சிறிய பாகங்களை மாற்றும் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "என்னா சார், எல்லாம் இவ்ளோ பெருசு பெருசா இருக்கு! இதுக்கு மைக்ரோஸ்கோப்பே வேணாம்." பிறகு கேட்டாள்: "எது உங்களுக்கு முக்கியம், சிப்பா, போர்டா?" போர்டுதான் என்றேன். "அப்ப கெட்ட சிப்பைக் காப்பாத்த வேணாம்." நகவெட்டிபோல ஒரு சின்னக் கட்டரால் பதினாறு காலையும் உடம்போடு ஒட்ட வெட்டினாள். உடம்பு தனியாக வந்தது. பிறகு ஒவ்வொரு காலையும் சூடுகாட்டி இடுக்கியால் உருவினாள். ஈயத்தை உறிஞ்சித் துளைகளைச் சுத்தம் செய்தாள். ஒரு தடம்கூட உரியவில்லை. புதிய சாக்கெட் வைத்துப் பற்றினாள். "அடுத்த தடவ கெட்டுச்சுன்னா நீங்களே மாத்திக்கலாம் சார்." மொத்தம் நாற்பது நிமிடம். சம்பளமாக வாங்கியது ஒரு டம்ளர் காபி.

சுவிட்சை அவள் அம்மாவைப் போடச் சொன்னேன். தயங்கினாள். "சார், நான் போடலாமா?" ஐம்பது வயதை நெருங்கும் பெண். போட்டாள். பூ, பீப். பிபிசி கம்ப்யூட்டர் 32 கே. டாலர் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தாள். இயந்திரம் "மிஸ்டேக்" என்றது, தெரியாத கட்டளைக்கு அதுதான் அதன் பதில். மூவரும் சிரித்தோம். பிறகு பதினேழாம் வாய்ப்பாட்டுக்கான நான்கு வரியை எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அந்த உறவுமுறை. பிபிசி மைக்ரோ வெற்றி பெற்ற பிறகு, அதே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்த இயந்திரத்துக்காகச் சொந்தமாக ஒரு பிராசசர் வடிவமைத்தார்கள். அதன் மாதிரியை முதலில் பிபிசி பேசிக்கிலேயே எழுதிப் பார்த்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்தது. பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் சோதித்தார்கள். மின் அளவைப் பார்க்க மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டியதாம். விசாரித்தால், சிப்புக்கு மின் இணைப்பே கொடுத்திருக்கவில்லை. மற்றக் கம்பிகளில் வரும் சமிக்ஞையிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது! அவ்வளவு சிக்கனம். அகார்ன் ரிஸ்க் மெஷின் என்பதன் சுருக்கம் ஆர்ம். 1990இல் அது தனி நிறுவனமானது. பேட்டரியில் ஓடும் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான சிப் கிடையாது என்று கைபேசி செய்பவர்கள் கண்டுகொண்டார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் போன் எதுவானாலும் உள்ளே ஓடுவது ஆர்ம் வழி வந்த பிராசசர்தான்.

2006இல் நோக்கியா நம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கியபோது இங்கிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது எத்தனை வீட்டில் அடுப்பு தணிந்தது என்பதும் தெரியும். இன்று வேறு பெயர்களில் லைன்கள் ஓடுகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் ஏரிக்கரை எது, காம்பவுண்டுச் சுவர் எது என்று எனக்கே குழம்புகிறது. அம்மாவைத் தொட விடாத பெட்டியின் பேரன் பேத்திகளைத்தான் மகள் ஷிஃப்டுக்கு எத்தனையோ கணக்கில் பழுது பார்க்கிறாள். அவளிடம் இதைச் சொன்னேன். "எங்க லைன்லயும் போனைப் பையில வெச்சு உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க சார்" என்றாள்.

நான்கு பெட்டிகளும் இப்போது என் வீட்டுக் கூடத்தில் ஓடுகின்றன. ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள். மூடி திறந்தேதான் இருக்கிறது. சப்ளையை மட்டும் பூட்டியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு அப்போது வந்த கேசட்டுகளில் மூன்றுதான் என்னிடம் இருக்கின்றன. 1990 வாக்கில் சிலவற்றில் சினிமாப் பாட்டு பதிவு செய்துகொண்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள், யார் யார் என்றும் எனக்குத் தெரியும்! பரணில் அந்தக் கேசட் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். பாட்டு இருந்தாலும் பரவாயில்லை, பாட்டுக்குப் பின்னால் மிச்ச நாடாவில் பாடம் இருக்கக்கூடும். தபால் செலவு நான் தருகிறேன்.